சோற்றை விட்டும் எடை கூடியது

ஒரத்தநாடு பக்கம் நெல் விவசாயம் செய்கிறேன். தொப்பையால் வரப்பில் நடந்தாலே மூச்சு வாங்கியது. "எடையைக் குறைக்கலைன்னா சீக்கிரமே சர்க்கரை வந்துரும்" என்று டாக்டர் எச்சரித்தார். பயந்துபோய், இரவில் சோற்றை அடியோடு விட்டேன். எங்களுக்கு இட்லி, இடியாப்பமெல்லாம் பலகாரம்தானே என்று அவற்றை வயிறு நிறையச் சாப்பிட்டேன். எடை கூடிவிட்டது.

"சோத்தையே தொடலையே!" என்று புலம்பினேன்.

"ஏங்க, களிமண்ணை ஊத்தியா இட்லி அவிக்கிறேன்? அதுவும் நம்ம வயல் அரிசிதான்!" என்று மனைவி சிரித்தாள்.

இப்போது மதியம் மட்டும் தீட்டாத அரிசிச் சோறு, அதுவும் அளவாக, நிறையக் கீரையோடு. இரவில் பச்சைப்பயறுச் சுண்டல். எடை மெல்ல இறங்குகிறது. விருந்தில் மறுசோறு வேண்டாமென்று சொல்ல எனக்கு இன்னும் கூச்சம்தான். ஆனாலும் இலையை மறைத்த கையை எடுப்பதில்லை.