அத்தை நட்ட சம்பங்கி

முளைகட்டிய சம்பங்கிக் கிழங்குகள் ஈரச் சாக்கில் எங்கள் வீட்டு வாசலில் கிடந்த அந்தச் சித்திரை மாதக் காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. இன்று கொல்லிமலைக்குப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தால் போதும். அன்று சாலை கிடையாது. ஆடிப்பெருக்குக்கு மலைக்கோயிலுக்குப் போகிறவர்கள் எங்கள் அடிவார ஊரிலிருந்து ஒற்றையடிப் பாதையில்தான் ஏற வேண்டும். அந்தப் பாதையோரம் நெடுகப் பூச்செடி வைப்பது என்று ஊரார் சிரமதானத்துக்குக் கிளம்பினார்கள். சம்பங்கியோடு, காட்டில் தோண்டிவந்த செங்காந்தள் கிழங்கும் இருந்தது. மணியக்காரர் வீட்டம்மாதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றார்.

என் அத்தை, அப்பாவின் தங்கை, அப்போது இருபது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். கல்யாணமான வருஷமே கணவரைப் பாம்பு கடித்துவிட, எங்கள் வீட்டுக்கே திரும்பியிருந்தார். தெருவில் பூக்காரி குரல் கேட்டால் உள்ளே போய்விடுவார். பாதையோரத்துப் பூ யார் தலைக்கும் போகிற பூ இல்லையே என்று நினைத்தாரோ என்னவோ, அன்று எல்லோருக்கும் முன்பே மண்வெட்டியோடு போய் நின்றார்.

"அம்மிணி, நீ தண்ணி மட்டும் சொமந்து ஊத்து. கெழங்குல கை வெச்சுப்போடாதே. சாமிக்குப் போற தடம்" என்றார் மணியக்காரர் வீட்டம்மா.

அத்தை தண்ணீர் சுமந்தார். ஓடையிலிருந்து குடத்தோடு நின்று நின்று ஏற வேண்டிய ஏற்றம் அது. மிளகு மூட்டையோடு சந்தைக்கு இறங்கி வருகிற மலைமேலிருக்கும் திருப்புலி நாட்டைச் சேர்ந்த மலைக்காரர் ஒருவர் சில நாள் குடத்தைத் தூக்கிவிடுவார். பேச்சு எதுவும் இருக்காது. ஒரு நாள், நிறைமாதமாயிருந்த பெண்ணொருத்தி குனிய முடியாமல் தன் பங்குக் கிழங்குகளை அத்தையிடம் கொடுத்துவிட்டாள். செங்குத்தான திருப்பம் ஒன்றில் அத்தை அவற்றை நட்டார். வீட்டுக்கு வந்த பின்னும் நகக்கண்ணிலிருந்த மண்ணை, அம்மா சொல்லியும், கழுவாமல் வைத்திருந்தார்.

ஆடி பிறந்தபோது மற்ற இடங்களில் வெறும் தோகைதான். அந்தத் திருப்பத்தில் மட்டும் சம்பங்கி தண்டு தண்டாகப் பூத்து நின்றது. "இது ஆரு கைராசி?" என்று வாய் நிறையக் கேட்டார் மணியக்காரர் வீட்டம்மா. கைக்குழந்தையோடு வந்திருந்த அந்தப் பெண் கள்ளமில்லாமல் அத்தையைக் காட்டினாள்.

மணியக்காரர் வீட்டம்மா என் அப்பாவிடம் திரும்பினார். "ஏனுங்க, உங்க தங்கச்சியையே புடுங்கச் சொல்லுங்க. நாங்க தொட மாட்டோம்."

அப்பா மண்ணைப் பார்த்தபடி, "புடுங்கிரு கண்ணு" என்றார். அந்தக் 'கண்ணு'வை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

ஊர் பார்க்க அத்தை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கடைசித் தண்டை மட்டும் கீழே போடாமல், ஒடித்துக் கொண்டையில் செருகிக்கொண்டார். அப்பா அறைந்தார். பூ விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி செருகினார். மறுபடி அறை. அதற்கடுத்து அவர் எடுத்துச் செருகியபோது அப்பாவின் கை எழவில்லை.

அந்த மாதமே, குடம் தூக்கிவிட்ட மலைக்காரரோடு அத்தை போய்விட்டார். புருஷனை இழந்தவள் இன்னொருவரோடு வாழ்வது அவர்கள் வழக்கத்தில் குற்றமில்லை. அப்பா வாய்க்காலில் இறங்கித் தலை முழுகினார். உயிரோடிருந்த தங்கைக்குக் காரியம் செய்து, இலை போட்டு ஊருக்குச் சோறும் போட்டார்.

சில ஆண்டுகளில் அப்பா இறந்தார். சேதி எப்படியோ மலைக்கு எட்டி, நெற்றியில் குங்குமத்தோடு அத்தை இறங்கி வந்தார். வாசலிலேயே மறித்தார்கள்.

"செத்துப்போனவளுக்கு எழவூட்டுல என்ன வேலை?" என்றார் மணியக்காரர் வீட்டம்மா.

அத்தை கை கூப்பினார். "ஆமாங்க, நான் செத்தவதானுங்க. இன்னைக்கு எங்கண்ணனும் செத்துட்டாரு. இனி என்ன தீட்டுங்க? ஒருக்கா மொகத்தப் பாத்துட்டுப் போயிர்றேனுங்க."

யாரும் விலகவில்லை. பாடை வெளியே வந்தபோது அப்பாவின் முகத்தைத் துண்டு போட்டு மூடியிருந்தார்கள். மூடச் சொன்னது என் அம்மா.