லென்ஸுக்கு வைத்த பொட்டு

ஆழ்வார்பேட்டையில் மூடிவிட்ட ஒரு ஸ்டூடியோவிலிருந்து பழைய மரக் கேமரா ஒன்றை வாங்கினேன். பெரிய ஃபிலிம் தாள்களை ஒவ்வொன்றாகச் செருகிப் படமெடுக்கும் வகை. ஆர்மோனியத் துருத்தி போன்ற அதன் மடிப்புகளில் இருந்த ஓட்டைகளைக் கறுப்புத் துணி வைத்து ஒட்டினேன். லென்ஸை விரல் படாமல் சுத்தம் செய்தேன். பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்தபின் கிடைத்த நேரமெல்லாம் அதற்கே போனது.

முதல் படம் எடுக்குமுன் ஆயுத பூஜை வந்தது. சுண்டல் தாளித்துவிட்டு வந்து பார்த்தால், என் கணவர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்திருந்தார். கேமராவுக்கு, லென்ஸின் நட்டநடுவே சந்தனமும் குங்குமமும்.

"ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேள்!" என்று கத்தினேன். பதறிப்போய், காய்ந்த சந்தனத்தை வேஷ்டி நுனியால் அழுத்தித் துடைத்தார். கண்ணாடி முழுக்கக் கீறல்.

"நாளும் கிழமையுமா இதுக்குப் போய் கத்தறியே. போன்லயே எடுத்துக்கோயேன்" என்றார். தப்பு தன்னுடையது என்றே அவருக்குத் தோன்றவில்லை.

மாற்று லென்ஸ் கிடைக்காமல், படங்கள் மங்கலாகத்தான் விழுகின்றன. இப்போதெல்லாம் பூஜைக்கு முன்தினமே கேமராவைப் பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறேன். போன வருடம் அதற்குப் பதிலாக அவருடைய புது போனைப் பூஜை மனைப்பலகையில் வைத்தேன். நான் சந்தனத்தைத் தொட்டதுமே கையைப் பிடித்துக்கொண்டார்.

"பார்த்து, கேமரா மேல பட்டுடப் போறது!"