வந்தவருக்கு ஒரு தேங்காய்

“ஏலே, வெளியூர்ல இருந்து வருதவங்களுக்கு ரூம்ல என்ன வச்சா சந்தோசப்படுவாவ?”

போன ஆனி மாதம் சுடலைமுத்து போனில் கேட்ட கேள்வி இது. ‘எப்படி இருக்கே’ இல்லை, ‘எந்த ஊர்ல இருக்கே’ இல்லை. எடுத்ததும் இதுதான்.

சுடலைமுத்து தென்காசியில் ஆட்டோ ஓட்டுகிறான். வீடு மேலகரம். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒரு சீசனில் அவனும் நானும் குற்றாலத்தில் ஒரு ஹோட்டலில் எச்சில் இலை எடுத்தோம். சாரல் நின்றதும் ஹோட்டலில் எங்களை நிறுத்திவிட்டார்கள். அவன் வீட்டுக்குப் போனான். நான் ஒரு லாரியில் ஏறினேன். எங்கள் இரண்டு பேருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

அவன் மகள் செல்விக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கோயம்புத்தூர், வேலை பார்த்த இடத்தில் பழக்கம். கோயம்புத்தூரில் வைத்தால் செலவு தாங்காது என்று கெஞ்சிக் கூத்தாடித் தென்காசியில் மண்டபம் பிடித்திருந்தான். அவர்களும் சரி என்றார்கள் — ஒரு நிபந்தனையோடு. போட்டவர் மாப்பிள்ளையின் அத்தை ராஜாமணி. தாயில்லாத பையனைத் தூக்கி வளர்த்தவர்.

“அத்தன தூரம் வர்றோமுங்க. எங்க சனத்துக்கு மரியாதைல ஒரு கொறை வந்துதுன்னா நான் மேடை ஏற மாட்டேனுங்க.”

அத்தை மேடை ஏறாவிட்டால் தாலியை எடுக்க மாட்டேன் என்று பையனும் சொல்லிவிட்டான். அவன் மேல் தப்பில்லை. சோறு போட்ட கை அது.

ஆக, சுடலைக்கு பயம். அந்த பயத்துக்கு மருந்தாகத்தான் செல்வி ஒரு யோசனை சொல்லியிருக்கிறாள். பெரிய இடத்துக் கல்யாணங்களில் வெளியூர் விருந்தாளிக்கு ‘வெல்கம் கிஃப்ட்’ வைக்கிறார்களாம். அவள் போனில் காட்டிய படத்தில் ஒரு மரப்பெட்டி. உள்ளே வாசனை மெழுகுவத்தி, சாக்லேட், குட்டி பாட்டிலில் என்னவோ, சுற்றி ரிப்பன்... விலையைக் கேட்டதும் சுடலை எனக்கு போன் போட்டுவிட்டான்.

“நீதாம்லே ஊர் ஊராத் திரியுதவன். ஒனக்குத்தான் இதெல்லாம் தெரியும்.”

பாராட்டா, திட்டா? சிநேகிதனிடம் இதையெல்லாம் பிரித்துப் பார்க்கக் கூடாது. மறுநாள் மேலகரத்தில் இறங்கினேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். நான் ஏழாவதோடு நின்றவன். ஆனால் புது ஊரில் போய் இறங்குகிற பாடத்தில் நன்றாகவே தேறியிருக்கிறேன். சொல்லுங்கள், பஸ்ஸில் ராத்திரியெல்லாம் குலுங்கி வந்து இறங்குகிறவனுக்கு என்ன வேண்டும்? மெழுகுவத்தியா?

மாப்பிள்ளை வீட்டாருக்கு ரூம் போட்டிருந்தது குற்றாலத்தில். குற்றாலத்துக்கு வருகிறவன் முதல் வேலையாக அருவிக்குப் போவான். நனைவான். திரும்பி வந்து ஈரத்துணியை எங்கே போடுவது என்று ரூமைச் சுற்றிச் சுற்றி வருவான். நாற்காலி முதுகில் போடுவான், கதவு மேல் போடுவான், கடைசியில் டி.வி. மேல் போடுவான். சீசனில் அடிக்கிற காற்றுக்கு வெளியில் போட்ட துண்டு பக்கத்து லாட்ஜுக்குப் போய்விடும்.

அதனால் நான் சொன்னது: ஒரு துண்டு. காயப்போட நாலு முழம் நைலான் கயிறு. நாலு ஊக்கு. அவ்வளவுதான்.

“சோப்பு வைப்போமா? சின்ன பாட்டில்ல எண்ணெ?”

“அருவியில சோப்பும் எண்ணெயும் போடக்கூடாதுன்னு போர்டு வச்சிருக்கான். சம்பந்திய போலீஸ்கிட்ட மாட்டிவிடப் போறியா?”

“அப்ப ஒரு சீப்பு வாழப்பழம்?”

“குரங்குக்கா, சம்பந்திக்கா?”

குற்றாலத்தில் பையோடு நடக்கிற யாரையும் குரங்கு சும்மா விடாது. யோசித்து எலுமிச்சம்பழம் என்று முடிவு செய்தோம். குரங்கு தொடாது. வேனில் வாந்தி எடுத்து வருகிறவர்களுக்கு மோந்து பார்க்க ஆகும். எலுமிச்சம்பழம் கொடுத்து வரவேற்பது நம் ஊரில் மரியாதையும்கூட. புளியங்குடி பக்கத்தில் இருக்கும்போது எலுமிச்சைக்குப் பஞ்சமா?

துண்டுக்குக் கடையநல்லூர் போனோம். எனக்குப் பழக்கமான பாய் ஒருவர் கரையில் சாயம் லேசாக மங்கிப்போன துண்டுக் கட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். “தொடச்சா தண்ணி போகுதா, அதப் பாருங்க. கரைய வச்சா தொடைக்கப் போறீங்க?” என்றார். பேச்சு சரிதான். வாங்கிவிட்டோம்.

பைக்குத் தனியாகச் செலவு செய்யவில்லை. கல்யாணம் முடிந்து எல்லாருக்கும் கொடுக்கிற மஞ்சள் தாம்பூலப் பை அச்சகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதிலேயே கூடக் கொஞ்சம் போடச் சொன்னோம். மலிவு.

எல்லாவற்றையும் உள்ளே போட்டு ஒரு பையைத் தூக்கிப் பார்த்தான் சுடலை. முகம் சுருங்கியது.

“கனமே இல்லையேலே. காத்துல பறக்கும் போலிருக்கு. கையில வாங்குனா, வாங்குனாப்புல தெரிய வேண்டாமா?”

நாயம்தானே? அவன் மச்சானுக்கு வீட்டுக்குப் பின்னால் அஞ்சாறு தென்னை உண்டு. பைக்கு ஒரு தேங்காய் சேர்ந்தது. பை விறைப்பாக நின்றது. எங்களுக்கும் நெஞ்சு நிமிர்ந்தது.

இதற்குள் நீங்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். எங்களுக்கு அது தோன்றவில்லை. சுடலையின் மனைவி பேச்சியம்மாள் பார்த்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பாள். அவள் அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். “என்னமும் பண்ணுங்க, எனக்கு எண்ணெ காயுது” என்று சொல்லிவிட்டாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம். குற்றாலத்தில் லாட்ஜ் வாசல். சாரல் பன்னீர் தெளித்த மாதிரி விழுந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது. பையை ரூமில் வைப்பதாகத்தான் ஏற்பாடு. சுடலைக்கு மனசு கேட்கவில்லை. கையில் கொடுத்தால்தான் மரியாதை என்று வேன் கதவுக்கே போய்விட்டான். முதலில் இறங்கியவர் ராஜாமணி அத்தை. வெள்ளைத் தலை, நிமிர்ந்த உடம்பு. அவன் குனிந்து இரண்டு கையாலும் பையை நீட்டினான்.

அத்தை பையைப் பார்த்தார். பிரித்தார். தேங்காயைத் தொட்டார். பிறகு பையின் மேல் அச்சடித்திருந்ததை எல்லாருக்கும் கேட்கும்படி நிதானமாகப் படித்தார்.

“‘தங்கள் வருகைக்கு நன்றி.’”

பையை அவன் முகத்துக்கு நேரே திருப்பிக் காட்டினார்.

“ஏனுங்க, இன்னும் ஒரு வாய் தண்ணி குடிக்கலீங்க. எல போடறதுக்கு முன்னாலயே தாம்பூலத்தக் குடுத்துப் போயிட்டு வாங்கங்கறது உங்கூரு மொறைங்களா?”

சாப்பிட்டு முடித்துக் கிளம்புகிறவர் கையில் கொடுப்பது தாம்பூலப் பை. அதை வந்து இறங்கும் படியில் வைத்துக் கொடுத்தால் என்ன அர்த்தம்? சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மாப்பிள்ளையின் அப்பா அக்காவின் முகத்தைப் பார்த்தார். இறக்கி வைத்த பெட்டியை மறுபடி கையில் எடுத்தார். பையன் தரையைப் பார்த்தான். டிரைவர் எதற்கும் இருக்கட்டும் என்று இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“பெட்டிய ஏத்துங்க” என்றார் அத்தை. கோபமாகச் சொன்னால்கூடச் சமாதானம் செய்யலாம். அமைதியாகச் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் ஆட்டோவில் தூக்குவாளி நிறைய சுக்குக் காப்பியோடு வந்து இறங்கினாள் பேச்சியம்மாள். வேனைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், அத்தை கையில் இருந்த பையைப் பார்த்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். யாரும் அவளிடம் எதையும் விளக்கவில்லை. தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

“மதினி, வாங்க. ஏன் இன்னும் தேங்காய ஒடைக்காம நிக்கிய?”

அத்தை திரும்பினார். “ஒடைக்கறதுங்களா?”

“அட, இவுக சொல்லலையா? ஒண்ணையும் ஒழுங்காச் சொல்ல மாட்டாவ. அந்தத் தேங்கா உங்களுக்கு இல்ல மதினி, பிள்ளையாருக்குல்லா! தூரத்துல இருந்து சம்பந்தக்காரங்க வந்து எறங்குனா, ரூம்ல கால் வைக்கதுக்கு முன்னால பிள்ளையாருக்கு ஒரு வெடலை போடணும். பத்திரமா வந்து சேந்துட்டோம்னு. தேங்கா நாங்க குடுக்கணும், ஒடைக்கது நீங்க ஒடைக்கணும். அதாம் எங்கூரு வழக்கம்.”

“அப்ப ‘வருகைக்கு நன்றி’ன்னு போட்டிருக்குதே?”

பேச்சியம்மாள் மூச்சுகூட விடவில்லை.

“அது பிள்ளையாருக்கு மதினி. உங்களுக்கு வழித்தொணையா வந்தாருல்லா.”

அத்தை நம்பவில்லை. கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். வெளியாள் மாதிரித் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் போலிருக்கிறது.

“ஏனுங்க, நெசமுங்களா?”

நான் போகாத ஊர் குறைவு. கல்யாணச் சோற்றுக்காகவே நுழைந்த ஊர்களும் உண்டு. இப்படி ஒரு வழக்கத்தை எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

“ஆமாங்க” என்றேன்.

லாட்ஜை ஒட்டி ஒரு பிள்ளையார் இருந்தார். குற்றாலத்தில் எங்கே திரும்பினாலும் ஒரு பிள்ளையார் இருப்பார். பேச்சியம்மாள் அந்த தைரியத்தில்தான் பேசியிருக்க வேண்டும். அத்தை தேங்காயோடு போய் நின்றார். கண்ணை மூடினார். ஓங்கிப் போட்டார்.

உடையவில்லை.

கல்லில் பட்டு, ஈரத்தில் உருண்டு, சுடலையின் காலடியில் வந்து நின்றது. அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தெம்பில்லை. உடையாத தேங்காய்க்கும் அழுகின தேங்காய்க்கும் நம் ஜனம் எத்தனை அர்த்தம் வைத்திருக்கிறது!

பேச்சியம்மாள் அதை எடுத்து, முந்தானையில் துடைத்து, மறுபடி அத்தை கையில் கொடுத்தாள். “எங்கூருத் தேங்கா மதினி. ஓடு கெட்டி. நல்லா ஒரே போடாப் போடுங்க.”

அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். இந்த முறை போட்ட போட்டில் தேங்காய் நாலா பக்கமும் தெறித்தது. உள்ளே பளீரென்று வெள்ளை. எல்லாரும் மூச்சு விட்டோம். விட்டு முடிப்பதற்குள் காம்பவுண்டுச் சுவரிலிருந்து ஒரு குரங்கு குதித்து, இருப்பதிலேயே பெரிய சில்லாகப் பொறுக்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டது.

அத்தை அதையே பார்த்தார்.

“எங்கூர்ல செதறுகாயப் பசங்க பொறுக்குவாங்க. உங்கூர்ல அதுக்கும் ஆள் போட்டிருக்கீங்களா?”

முதலில் சிரித்தது டிரைவர். அப்புறம்தான் இன்ஜினை அணைத்தார். வேனில் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஆளுக்கொரு தேங்காயோடு பிள்ளையாரை நோக்கி ஓடின. சுக்குக் காப்பி கை மாறியது. அத்தை எலுமிச்சம்பழத்தை எடுத்து மோந்து பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்.

சாயங்காலம் ஆட்டோவில் மூன்று பேரும் மேலகரம் திரும்பினோம். பாதி வழியில் சுடலை கேட்டான்.

“ஏட்டி, இப்படி ஒரு வழக்கம் நம்மூர்ல எங்கன இருக்கு?”

“இன்னைக்கு மத்தியானத்துல இருந்து இருக்கு. ரோட்டப் பாத்து ஓட்டுங்க.”

மறுநாள் காலையில் அந்த லாட்ஜ் வழியாகப் போனேன். மாடி முழுக்கக் கயிறு. கயிறு முழுக்கக் கடையநல்லூர்த் துண்டுகள், ஊக்குப் போட்டு. ஒன்றுகூடப் பறக்கவில்லை. முகூர்த்தத்துக்கு அத்தை எல்லாருக்கும் முன்னால் மேடை ஏறி நின்றார்.

வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். வருகிறவர்களுக்கு விலை கூடியதெல்லாம் வேண்டாம். வந்த இடத்தில் எது இல்லாமல் திண்டாடுவார்கள் என்று யோசித்து அதைக் கொடுங்கள். பையில் அச்சடித்திருப்பதை மட்டும் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

போன வாரம் கோயம்புத்தூரில் அத்தையின் பேத்திக்குக் கல்யாணம். சுடலைக்கு வந்த பத்திரிகையோடு எனக்கும் ஒன்று வந்திருந்தது. போய் மண்டப வாசலில் இறங்கினேன். எதிரே அத்தை. கையில் மஞ்சள் பை. ‘நல்வரவு’ என்று அச்சடித்திருந்தது. உள்ளே ஒரு துண்டு, ஒரு எலுமிச்சம்பழம், ஒரு தேங்காய்.

“உங்கூரு மொறைங்க. நல்லா இருந்துதா, நாங்களும் புடிச்சுக்கிட்டமுங்க. போங்க, ஒடச்சுட்டு வந்து சாப்புடுங்க.”

இத்தனை வருஷத்தில் எனக்கு யார் எது கொடுத்திருந்தாலும் கிளம்பும்போதுதான் கொடுத்திருக்கிறார்கள். சில இடங்களில், கிளம்பட்டும் என்றே கொடுத்திருக்கிறார்கள். வந்து இறங்கியதும் கையில் ஒன்று வாங்கியது அன்றைக்குத்தான். சுடலை சொன்னது சரி. கனம் தெரிந்தது.

வாசல் பிள்ளையார் முன்னால் வெளியூர்க்காரர்கள் வரிசையில் நின்றார்கள். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் திரும்பி, “தென்காசிப் பக்கம் இது ரொம்பப் பழைய வழக்கமுங்களா?” என்று கேட்டார்.

“ஆமாங்க. பேச்சியம்மாள் காலத்திலிருந்தே இருக்கு.”

ஏதோ ராணி என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. பயபக்தியோடு தலையை ஆட்டினார். திருத்த எனக்கு மனசு வரவில்லை.