நாயின் பெயரில் வந்த நோட்டீஸ்

ராஜபாளையம் கால்நடை மருத்துவமனை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மீசைக்காரர், தன் பெயரைச் சொல்லாமல் நாயின் பெயரைத்தான் சொன்னார்: "இவன் வேலு."

வேலுவின் வலிப்புக்கு, மருந்துச்சீட்டு இல்லாமலே வெளிநாட்டு இணையக் கடையில் மாத்திரை வரவழைத்திருக்கிறார். சுங்கத்துறை பார்சலைப் பிடித்து வேலுவுக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டது.

"கேசு வந்தா இவன் மேலதான சார் வரும்? இவன் பேருலல்லா ஆர்டர் போட்டேன்!"

நான் சுங்கத்துறையில் ஓய்வுபெற்றவன். "நாய்க்குக் கைவிலங்கு மாட்ட முடியாது. அந்த மாத்திரை அனுமதியில்லாம வரவழைக்கக் கூடாத கட்டுப்பாட்டு மருந்து, பணம் கட்டுன நீங்கதான் உள்ள போக வேண்டி வரும்" என்றேன்.

அவர் வேலுவை இழுத்து அணைத்துக்கொண்டார். "நான் உள்ள போனா இவனுக்கு யாரு சார் மாத்திரை குடுப்பா? வேற ஆளு கையில திங்க மாட்டானே!"

உள்ளேயிருந்து வேலுவின் பெயரைக் கூப்பிட்டதும், "இந்தா வாரோம்" என்று ஓடினார். சட்டம் பிறகு அவரை என்ன செய்தது என்று தெரியாது. அந்த நாயிடமிருந்து மட்டும் ஜாமீன் கிடைத்திருக்காது.