என் ஓரகத்தி துடைக்கும் சைக்கிள்

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லப்போகிறேன். என் வீட்டுக்காரர் கேட்டால் மயக்கம் போட்டு விழுவார். ஒரே வீட்டில், ஒரே குழாயடியில், நாங்கள் இரண்டு மருமகள்களும் இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறோம். எங்களுக்குள் வந்த வாய்ச்சண்டையில் பாதி அவளுடைய சைக்கிளால் வந்ததுதான்.

அவள் பனியன் தைக்கிற ஆலையில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் வந்ததும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். நேராகக் குழாயடிக்குப் போய்ச் சைக்கிளை நிறுத்தி, வாளியை எடுப்பாள். என் வாளியைத்தான். அவளுடையது பக்கத்திலேயே இருக்கும், அதில் கைப்பிடி சரியில்லையாம். தண்ணீரை மெதுவாக ஊற்றி, மண்ணை ஊறவிட்டு, ஏதோ குழந்தைக்கு எண்ணெய் வைத்துக் காத்திருப்பவள்போலக் குந்தியிருப்பாள்.

"ஒரு துணிய எடுத்து ஒரு இழு இழுத்துட்டுப் போயேன், இதுக்கு என்ன இவ்வளவு?" என்று நான் கேட்டதுண்டு.

"காஞ்ச மண்ண அப்படியே துடைச்சா, அது பெயிண்ட்டையும் சேத்துத் தேய்ச்சிரும்க்கா. மொதல்ல ஊறி விழணும்."

அதற்கப்புறம் சோப்புத் தண்ணீர். சைக்கிளின் குழாயும் குழாயும் சேருகிற மூலைமுடுக்குக்குப் பழைய பல் தேய்க்கும் பிரஷ். அதுவும் என்னுடையது, பழையதாகும் முன்பே காணாமல் போனது. ஆலையில் மிஞ்சும் பனியன் துண்டுகளில் ஈரத்துக்கு ஒன்று, உலர்த்துவதற்கு ஒன்று, செயின் எண்ணெய்க்கு ஒன்று. தப்பித்தவறி மாற்றி எடுத்துக் கொடுத்துவிட்டால் என்னை ஒரு முறை முறைப்பாள் பாருங்கள், மாமியாரே தோற்றுப்போவார். கடைசியில் நகக்கண் அளவு மெழுகு. வட்டவட்டமாகத் தேய்த்து, அது வெளுத்து மங்கும்வரை விட்டுத் துடைத்தால், அந்த நீலக் குழாயில் நம் மூக்கு முழி எல்லாம் தெரியும்.

"கட்டின புருஷன் முகத்தக்கூட நீ இவ்வளவு நேரம் பாத்திருக்கமாட்டே" என்பேன்.

"அவர் முகம்தான் தேய்க்காமலே பளபளன்னு இருக்கே, அக்கா" என்பாள். வாய்க்கு வாய் அவளிடம் ஜெயிக்க முடியாது.

ஆனால் அந்தப் பளபளப்பு அலங்காரத்துக்காக அல்ல. அது எனக்கும் தெரியும்.

அவள் புருஷன், என் கொழுந்தன், கைக்கடிகாரம் பழுது பார்ப்பவன். கடைவீதியில் ஒரு ஆள் உட்காருமளவுக்கு ஒரு சின்னக் கடை. ஓர் அலுவலகத்தில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றப்போய் ஏணி சறுக்கி விழுந்தான். முழங்கால் அதற்கப்புறம் சரியாகவே இல்லை. கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் இல்லை, உட்கார்ந்து செய்கிற வேலைதான், தாராளமாகப் போகலாம். போகமாட்டேன் என்றுவிட்டான். வாடகை வண்டிக்காரன் அக்குளில் கைகொடுத்து ஏற்றி இறக்குவதை நாலு பேர் பார்ப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. ஒரு வருஷம் அறையைவிட்டு வரவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கதவோரம் வைத்துவிட்டு வருவோம். கோபக்காரி நான், எனக்கே அவனைத் திட்ட வாய் வராது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் துருப்பிடித்த சைக்கிள் ஒன்று கிடந்தது. பழைய இரும்புக்குப் போடலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஓரகத்தி அதை இழுத்து நிறுத்தி, "இதுல உங்கள வச்சு நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் புருஷனிடம்.

"இந்த அழுக்கு வண்டிலயா? மூட்டை மாதிரி என்னைக் கட்டித் தூக்கிட்டுப் போவே, ஊரே சிரிக்கும்" என்றான் அவன்.

அவள் சைக்கிளைக் குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். துரு போகத் தேய்த்து, அடிப்பூச்சு பூசி, அதன்மேல் நீலம் பூசி, காயவைத்து, மறுபடியும் பூசி, மெழுகு போட்டு, ஒருநாள் சைக்கிளை அப்படியே அறைக்குள் தள்ளிக்கொண்டுபோய் அவன் கட்டிலருகே நிறுத்தினாள். கடிகாரத்தின் மூடியைத் தடவிப் பார்ப்பதுபோல அவன் குழாயைத் தடவிப் பார்த்தான்.

"யார்கிட்ட குடுத்துப் பண்ணே?"

"யார்கிட்டயும் குடுக்கல."

மறுநாள் சட்டை மாற்றிக்கொண்டு வந்து பின்சீட்டில் உட்கார்ந்தான். நான் அடுப்படியில் நின்று பார்த்தேன். அன்றைக்கு பெடல் மிதிக்கும் அவள் கால்களைக் கும்பிட்டிருப்பேன், வெட்கம் தடுத்தது.

அதற்காக அவன் ஒரேயடியாகத் திருந்திவிட்டான் என்று நினைக்காதீர்கள். கடை வாசலில் இறங்கமாட்டான். பின்சந்திலேயே இறங்கி, கம்பை ஊன்றித் தனியாகத்தான் கடைக்குள் போவான். சைக்கிளில் ஒரு சொட்டுச் சேறு தெரிந்தாலும் "இன்னிக்கு வேணாம், நாளைக்குப் பாக்கலாம்" என்று திரும்பிப் படுத்துக்கொள்வான். அதனால்தான் அவள் தினமும் துடைத்தாள். ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "வண்டி ஒருநாள் நின்னுட்டா அவரும் நின்னுருவாருக்கா. ரெண்டாவது தடவ என்னால எழுப்ப முடியாது."

மழைக்காலம் வந்தது. முன்சக்கரம் வாரியடிக்கிற சேறெல்லாம் பெடல் அச்சுக்கு மேலே உள்ள குழாயில் வந்து அப்பிக்கொண்டது. எத்தனை தேய்த்தாலும் மறுநாள் அதே கதை. அவள் ஒரு வேலை செய்தாள். பழைய டயர் டியூபை நீளநீளமாக வெட்டி, அந்தக் குழாயைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். ஒரு மடிப்பு, ஒரு பிசிறு கிடையாது.

"இனிமே இங்க மண்ணே படாது" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்த ரப்பருக்கும் சேர்த்துத் துடைப்பு நடந்தது.

மழை முடிந்தபின் ஒருநாள், பின்சீட்டிலிருந்து இறங்கியவன் சொன்னான்: "உன் வண்டி ஏதோ சத்தம் போடுது."

அவள் செயினுக்கு எண்ணெய் விட்டாள். மறுநாளும் அதையே சொன்னான்.

"செயின் இல்ல. செயின்னா நிக்காம வரும். இது நீ வலது கால அழுத்தும்போது மட்டும் ஒரு 'டிக்' வருது. கீழேர்ந்து."

எங்களில் யார் காதிலும் அது விழவில்லை. பகல் முழுக்கக் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்கிறவனுக்கு விழுந்தது.

விடுமுறை நாள் காலையில் அவள் குழாயடியில் உட்கார்ந்து, பிளேடால் அந்த ரப்பரைக் கீறினாள். உள்ளேயிருந்து பழுப்புத் தண்ணீர் வடிந்தது. மேல் விளிம்பு வழியாக இறங்கிய மழைநீர், வெளியே போக வழியில்லாமல் அங்கேயே கிடந்து குழாயை அரித்திருக்கிறது. துணியை வைத்துத் துடைத்தாள். துணியின் நூல் எதிலோ மாட்டிக்கொண்டது. மெதுவாக விடுவித்துப் பார்த்தால், குழாயின் பாதிச் சுற்றுக்கு ஒரு விரிசல். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"மண்ணு படக்கூடாதுன்னு நாந்தான் மூடி வச்சேன்" என்றாள். "மூடலன்னா தினமும் தொட்டிருப்பேன். தொட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். இதுலதான அவர ஏத்திட்டுப் போனேன்."

நான் அவள் பக்கத்தில் குந்தினேன். மழையைத் திட்டினேன், ரப்பரைத் திட்டினேன். அழுகையாக வந்தது. ஒரு ஆளைக் குழியிலிருந்து கயிறு போட்டுத் தூக்கியவள், அந்தக் கயிறு அறுந்துபோனதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டுக் கொழுந்தன் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தான். அவ்வளவுதான், இதைப் பார்த்துவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தப்போகிறான் என்று இரண்டு பேருமே நினைத்தோம். அவன் சட்டைப்பையிலிருந்து கண்ணில் மாட்டுகிற சின்னப் பூதக்கண்ணாடியை எடுத்து, சுவரைப் பிடித்துக் குனிந்து, அந்த விரிசலை நெடுநேரம் பார்த்தான்.

"வெல்டிங் கடை இன்னிக்குத் தொறந்திருக்குமா, அண்ணி?"

"தொறந்துதான் இருக்கும்" என்றேன்.

"நான் தள்ளிட்டுப் போறேன். நீங்க உள்ள இருங்க" என்றாள் அவள்.

"நானும் வரேன். ஹேண்டில்ல சாஞ்சு நடந்தா எனக்கும் தாங்கும்."

"கடைவீதி வழியா போகணும். பகல்ல. வண்டி இருக்குற இருப்பப் பாருங்க, கொஞ்சம் கழுவிட்டு..."

"கழுவ வேணாம். வா."

கம்பை என் கையில் கொடுத்துவிட்டான். ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் அவள், நடுவில் துருத்தண்ணீர் ஒழுகும் சைக்கிள். கடைவீதியில் தெரிந்தவன் தெரியாதவன் எல்லாம் திரும்பிப் பார்த்தான். கொழுந்தனுடைய வெள்ளைச் சட்டையில் பழுப்புக் கறை ஏறிக்கொண்டே வந்தது. அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பின்னால் கம்பைத் தூக்கிக்கொண்டு நான் நடந்தேன், என் கண்ணே பட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது.

வெல்டிங்காரர் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு அங்கங்கே தட்டிப் பார்த்தார்.

"வேற வண்டியா இருந்தா தூக்கி எறிங்கன்னு சொல்லியிருப்பேன். இது இந்த ஒரு எடத்துலதான் போயிருக்கு. மத்த எடமெல்லாம் இரும்பு கெட்டியா இருக்கு, பிடிச்சு நிக்கும். மேல ஒரு பட்டை வச்சுப் பத்தவெச்சா ரெண்டு பேரையும் தாங்கும். சுத்திப் பெயிண்ட் கருகிரும், பரவாயில்லையா?"

அவள் தலையை ஆட்டினாள். பொறி பறந்தது. அவள் பார்த்துப் பார்த்துத் தேய்த்த நீலம் கொப்புளம் கொப்புளமாகக் கருகியது. கடையில் நாலைந்து பேர் தங்கள் வேலைக்காகக் காத்து நின்றார்கள். கண்ணாடியைக் கழற்றிய வெல்டிங்காரர், "யாருங்க இத இவ்வளவு நல்லா வச்சிருக்குறது? நீங்களா ஓட்டுறீங்க?" என்று கொழுந்தனைக் கேட்டார்.

"என் பொண்டாட்டி" என்றான் அவன், எல்லாருக்கும் கேட்கும்படி. "தினமும் என்னைப் பின்னாடி வச்சு அவதான் ஓட்டிட்டுப் போறா."

ஓரகத்தி யாரையும் பார்க்கவில்லை. பத்தவைத்த இடத்தைப் பார்த்தபடியே குனிந்து, பழக்கதோஷத்தில் துடைக்கக் கையை நீட்டினாள். குழாய் இன்னும் ஆறவில்லை. அத்தனை பேர் பார்த்திருக்க, அவன்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.