கடைசி வரி சார் பார்த்த படம்

அந்தப் படத்தைப் பற்றி என்னிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுருக்கமாகச் சொல்லியிருப்பேன். நாயகனின் குரல் நன்றாக இருந்தது; முகம் எப்படி என்று அவனைப் பெற்றவளுக்குத்தான் தெரியும்.

நான் கண்ணாடிக் கடையில் பிரேம் பொருத்துகிறவள். பதினொரு வருடமாகக் குட்டித் திருகாணிகளோடு மல்லுக்கட்டுகிறேன். கடைக்கு நேர் எதிரே தியேட்டர், நடுவில் ஒரு சாலை மட்டும்தான். கடைக்குள் ஒரு சின்ன அறை இருக்கிறது. அங்கே கண் பரிசோதிக்கிறவரின் கதைதான் இது. நேரில் அவர் சார். முதுகுக்குப் பின்னால் 'கடைசி வரி'. அந்தப் பட்டப்பெயரை வைத்தது நான்தான். யார் வைத்தது என்று அவர் கேட்டபோது எனக்கென்ன தெரியும் என்று சொன்னதும் நான்தான்.

வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கில் அந்தக் கனமான சோதனைக் கண்ணாடியை மாட்டி, எதிர்ச் சுவரிலிருக்கும் எழுத்து சார்ட்டைக் காட்டி, "கடைசி வரி படிங்க" என்பார். வந்தவர் என்னவோ பரீட்சை எழுத வந்ததுபோலக் கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, தோன்றியதை உளறுவார். சாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

"குத்துமதிப்பா சொல்லாதீங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. யாரும் அடிக்க மாட்டாங்க."

இருபத்திரண்டு வருடமாக இதே வாசகம். முதலாளியின் மாமனாரையே குத்துமதிப்பாகப் படித்தார் என்று நாற்காலியைவிட்டு எழுப்பிவிட்ட மனிதர் அவர்.

அப்படிப்பட்டவர் குடும்பத்துக்குள்தான் இந்தப் படம் புகுந்தது. ஒரே மகள். வெளியூரில் வேலை. கல்லூரி நாளிலிருந்தே நடிப்பு ஆசை. எப்படியோ இந்தப் படத்தில் ஒரு வாய்ப்பு கிடைத்தது. கதை இதுதான்: பாதாள அரண்மனையில் ஒரு ராஜா. முகத்தில் வெளிச்சம் பட்டால் சாம்பலாகிவிடுவான் என்று சாபம். அவனை ஒரு பெண் காதலிக்கிறாள். அதனால் இரண்டரை மணி நேரம் அரண்மனையில் விளக்கே கிடையாது. காதல் இருட்டில், போர் இருட்டில், கல்யாண விருந்துகூட இருட்டில்தான். வெளிநாட்டு விழா ஒன்றில் பத்து நிமிடம் எழுந்து நின்று கைதட்டினார்களாம். சுவிட்சைத் தேடி எழுந்திருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

மகள் அந்த ராஜாவின் ஏழு பணிப்பெண்களில் ஒருத்தி. ஏற்றாத விளக்கைக் கையில் பிடித்தபடி மூன்றாவதாக நிற்க வேண்டும். நான்கு நாள் ஷூட்டிங். இதைச் சார் ஆறு மாதமாக வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொன்னார். சோதனைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு யார் எழுந்து ஓட முடியும்?

படம் வெளியான அன்று சொந்தபந்தம் எல்லாம் இரண்டு வரிசையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தது. மறுநாள் சார் பேயறைந்த மாதிரி வந்தார். பதினொரு மணிக்கு மகளிடமிருந்து போன்.

"பாத்தேம்மா," என்றார். "நல்லா பண்ணியிருந்த. ஏழு பேர்ல நீ மட்டும் தனியா தெரிஞ்ச."

போனை வைத்தவர் அரை மணி நேரம் அந்த அறையைவிட்டு வரவேயில்லை.

அதற்கப்புறம் கடையில் கூட்டமான கூட்டம். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் ஜனம் சாலையைக் கடந்து நேராக எங்களிடம் வந்தது. ஒருவராவது படம் தெரியவில்லை என்று நேரடியாகச் சொல்ல வேண்டுமே. வங்கி மேனேஜர் வந்தார். "படம் ஒரு கவிதைங்க. ஒவ்வொரு காட்சியும் ஓவியம். அப்படியே என் பவரையும் கொஞ்சம் செக் பண்ணிடுங்க." பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி மூன்று தடவை பார்த்திருந்தாள். "ஒவ்வொரு தடவயும் புதுசா ஒரு அர்த்தம் கிடைக்குது. போன தடவ ரெண்டு பேரும் சண்ட போடறாங்கன்னு நினைச்சேன். இந்தத் தடவதான் கட்டிப்பிடிச்சிருக்காங்கன்னு புரிஞ்சுது." பக்கத்தில் உட்கார்ந்திருந்த பஸ் டிரைவருக்குப் பொறுக்கவில்லை. "ஹெட்லைட் இல்லாம மலைப்பாதையில வண்டி ஓட்டின மாதிரி இருந்துச்சும்மா," என்றார். இதற்கெல்லாம் ரசனை வேண்டும் என்றாள் டீச்சர். ரசனைக்குக் குறைச்சல் இல்லை, பக்கத்து சீட்டில் இருப்பது தன் சம்சாரம்தானா என்பதே இடைவேளையில்தான் உறுதியானது என்றார் அவர். கல்யாணமாகாத ஜோடி ஒன்று என் பிரேம் பெட்டிக்கு முன்னாலேயே சண்டை போட்டது. அவள் படம் பூராவும் அழுதிருக்கிறாள், அவன் தூங்கியிருக்கிறான். கடைசியில் யார்தான் செத்தது, அதையாவது சொல் என்று அவன் கேட்டதற்கு, "அது முக்கியமில்ல" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லாருக்கும் கண் நன்றாகத்தான் இருந்தது. முதலாளி அந்த டைரக்டர் நூறு வருஷம் நல்லா இருக்கணும் என்று வாழ்த்தினார். நான் கவனித்தது வேறு. யார் எவ்வளவு குத்துமதிப்பாகப் படித்தாலும் சார் "சரி" என்று விட்டுவிட்டார். அவருடைய அந்த வாசகம் வாயிலிருந்து வரவேயில்லை.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. சார் தன் நாற்காலியிலேயே உட்கார்ந்து, ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு சார்ட்டைப் படித்துக்கொண்டிருந்தார். மேலிருந்து கடைசி வரிவரை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார் ஆச்சு?"

"மனப்பாடம்மா. இருபத்திரண்டு வருஷமா இதே சார்ட். கண்ண மூடிட்டே சொல்லுவேன். இத வச்சு என்னை நானே எப்படி டெஸ்ட் பண்றது?"

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. படத்தில் அவர் மகளைப் பார்க்கவேயில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த மனைவி, "அதோ மூணாவதா நிக்கறா, தோடு மின்னுது பாருங்க" என்று கையைக் கிள்ளியிருக்கிறார். மச்சினி அழுதிருக்கிறாள். மச்சினி புருஷன் கைதட்டியிருக்கிறார். இரண்டு வரிசையிலும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, பெற்ற அப்பனுக்கு மட்டும் தெரியவில்லை. மறுபடியும் இரண்டு தடவை தனியாகப் போய், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறார்.

"யாரோ நிக்கற மாதிரி இருக்கு. தூணா ஆளான்னு தெரியல. எனக்குக் கண்ணு போயிடுச்சும்மா. கண் பாக்கறவனுக்கே கண்ணு இல்லன்னா என்ன பண்ணுவேன்?"

நான் ஒரு காகிதத்தில் பொடிப்பொடியாக எழுத்துகளை எழுதிச் சுவரில் ஒட்டினேன். கடகடவென்று படித்தார். "நீ பெருசா எழுதிட்ட," என்றார். இன்னும் பொடியாக எழுதினேன். எழுதின எனக்கே தெரியவில்லை, அதையும் படித்தார். அப்படியும் நம்பவில்லை. டாக்டரிடம் போங்கள் என்றால், "போனா உறுதியாயிடும்" என்கிறார். பொண்ணுக்கு போன் போட்டு உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன்.

"ஊரே பாத்திருக்கு. அப்பா பாக்கலன்னா அவ மனசு உடைஞ்சிடும்."

மூன்றாவது வாரம், ஒரு மத்தியானம், மகளே வந்து நின்றாள். தோளில் பை. பஸ்ஸைவிட்டு இறங்கி நேராகக் கடைக்கு வந்திருக்கிறாள். சார் பதறி எழுந்தார். "முதல்ல என் கண்ணப் பாருங்கப்பா," என்று அவளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் சோதனைக் கண்ணாடியை எடுத்து அவள் மூக்கில் மாட்டினார். வாசலில் பிரேமும் கையுமாக நான் நின்றுகொண்டிருந்தேன். நகர்ந்து போகிற அளவுக்கு நல்லவள் இல்லை.

"கடைசி வரி படிம்மா."

கொஞ்ச நேரம் பார்த்தாள். "தெரியலப்பா," என்றாள். "பாருங்க, சொல்லிட்டேன். யாரும் அடிக்கல."

லென்ஸை மாற்ற நீட்டிய கையை அவள் பிடித்துக்கொண்டாள். "இப்ப நீங்க சொல்லுங்க. படத்துல என்னப் பாத்தீங்களா?"

சார் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தெரியலம்மா. மூணு தடவ போனேன். எனக்குக் கண்ணு போயிடுச்சு."

"உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. நாங்க ஏழு பேர் நின்ன சீனே படத்துல இல்லப்பா. வெட்டிட்டோம்னு ரிலீசுக்கு முந்தின நாள் சொன்னாங்க."

அந்த மனிதரின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கா?" என்று என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். அவர் பட்ட பயம் எனக்குத் தெரியும்தான். ஆனாலும் கையிலிருந்த பிரேமால் நடு மண்டையில் ஒன்று போடலாமா என்று வந்தது.

அவள் சிரிக்கவில்லை.

"அம்மா தோடு மின்னுச்சுன்னாங்க. எங்களுக்குத் தோடே போடல. சித்தி அழுதாங்களாம். சித்தப்பா கைதட்டினாராம். தினமும் யாராவது போன் பண்ணி நல்லா பண்ணியிருந்தன்னு சொன்னாங்க. நானும் தேங்க்ஸ் சொல்லிட்டு வச்சேன். எங்க உன்னக் காணோமேன்னு ஒருத்தராவது கேட்டா, அப்ப அழுதுக்கலாம்னு இருந்தேன். நீங்க கேப்பீங்கன்னு நினைச்சேம்பா. நீங்களும் குத்துமதிப்பா சொல்லிட்டீங்க."

சாரின் சிரிப்பு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. முக்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். அந்தக் கனமான கண்ணாடியை இரண்டு கையாலும் மெல்லக் கழற்றினார்.

"மூணு தடவயும் உன்னத் தேடித்தாம்மா போனேன்," என்றார். "எங்கம்மா போன? உன்னக் காணோமே."

மூன்று வாரம் தாமதமாகத்தான் கேட்டார். ஆனாலும் அவள் அழுதாள். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

பெஞ்சில் ஒருவர் காத்திருந்தார். மத்தியானக் காட்சி பார்த்துவிட்டு வந்தவர். "அருமையான படங்க," என்று ஆரம்பித்தார். "என்ன ஒண்ணு, கண்ணுதான் கொஞ்சம்..."

"உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. அந்தப் படத்துல யாருக்கும் எதுவும் தெரியல. வீட்டுக்குப் போங்க."

முதலாளி என்னை முறைத்தார். அந்த மனிதர் எழுந்து வாசல்வரை போனார். அங்கே நின்று, கடையில் வேறு யாராவது கவனிக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, என் காதருகே குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"நிஜமாவா? உங்களுக்கும் தெரியலயா?"