நீதிபதி வேஷக்காரர் சாம்பசிவன்

குரோம்பேட்டையில் சாம்பசிவனுக்குப் பந்தல் வாடகைக் கடை. நரைத்த மீசையும் கனத்த குரலும் பார்த்து, கிறிஸ்தவ சபைகளுக்காகப் படம் எடுக்கும் மோகன்ராஜ் பாஸ்டர் அவரை நீதிபதியாக நடிக்கக் கூப்பிட்டார். நெற்றித் திருநீற்றைத் துடைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். கொலைப்பழி சுமந்த வாலிபன் கூண்டில் நின்று வேத வசனம் பேசுவான். அரசு வக்கீல் அழுதபடி மண்டியிடுவார். சாம்பசிவன் சுத்தியலைத் தட்டி அவனை விடுதலை செய்வார். அதுதான் படம்.

தாம்பரத்தில் ஒரு சபையில் அதைப் பார்த்த வேதசிரோமணி கடையைத் தேடி வந்தாள். அவள் மகன் ஜோஸ்வின் படப்பைப் பக்கம் ஒரு குடோனில் வேலை பார்த்தவன். அங்கே செல்போன்கள் திருடு போனதாகச் சொல்லி அவனை உள்ளே தள்ளியிருந்தார்கள்.

"நான் நெஜ ஜட்ஜ் இல்லம்மா."

"தெரியும் சார். நாளைக்கு கோர்ட்ல சும்மா என்கூட நில்லுங்க. உங்க மூஞ்சியப் பாத்தா புள்ளைக்கு ஒரு தெம்பு வரும்."

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுப் போனார்.

வாசல் வரை கூட்டம் நெரித்தது. ஜோஸ்வினைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர்களுடைய வக்கீல் வேறு கோர்ட்டில் இருந்தார். நீதிபதி காகிதத்தைப் பார்த்தபடியே காவலை நீட்டித்தார். அவ்வளவுதான். அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வேதசிரோமணி சாம்பசிவனின் முழங்கையை இடித்தாள். "ஏதாவது சொல்லுங்க சார்."

சாம்பசிவன் கையைக் கூப்பினார். வாசலில் நின்ற போலீஸ்காரர் இருவரையும் வெளியே போகச் சொன்னார்.

வேனில் ஏறும்போது ஜோஸ்வின் அவரை அடையாளம் கண்டுகொண்டான்.

"உங்க படத்த ஜெயில்ல போட்டாங்க சார். சபை ஊழியக்காரங்க வந்து போட்டாங்க. கூண்டுல அவன் பேசுனதெல்லாம் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன்." படியில் ஏறித் திரும்பிப் பார்த்தான். "என்னைய யாருமே ஒண்ணும் கேக்கல."

வேன் கிளம்பியது. வேதசிரோமணி அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்தாள்.

சில வாரம் கழித்து மோகன்ராஜ் பாஸ்டர் புதுப் படத்துக்குக் கூப்பிட்டார். மறுபடியும் நீதிபதி வேஷம்.

"கேச ஒரு வாட்டியாவது தள்ளிப் போடற மாதிரி வெக்கலாமே பாஸ்டர்? நெஜத்துல யாரும் பேசவே விடறதில்ல."

"அதக் காட்டினா ஜனங்க எத நம்பி வீட்டுக்குப் போவாங்க சார்?"

ஜோஸ்வின் அப்போதும் உள்ளேதான் இருந்தான். சாம்பசிவன் அங்கியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கூண்டில் நின்ற புது நடிகன் முதல் வரியிலேயே திக்கினான்.

"அவசரமில்ல தம்பி," என்றார் சாம்பசிவன். "பொறுமையா பேசு."